சாட்டர்ஸ், வாட்டர்ஸ்

2018-ல் ஒரு சிறுபத்திரிகையில் நான் எழுதிய கட்டுரையில் ஒரு தவறு இருக்கிறது. யாரும் சுட்டிக்காட்டவில்லை. நம் பத்திரிகைகளில் அச்சுப்பிழைக்குக் கடிதம் வரும். கருத்துப்பிழைக்குப் பெரும்பாலும் ஒன்றும் வராது. அதனால் நானே எழுத வேண்டியிருக்கிறது. ஒரு வரித் திருத்தமாகப் போட்டுவிட்டிருக்கலாம். ஆனால் அந்தத் தவறு எப்படி வந்தது என்று யோசிக்கப்போய், நான் ஆங்கிலக் கவிதையை இத்தனை வருஷமாக எதைக்கொண்டு படித்துவந்திருக்கிறேன் என்ற கேள்வி வந்துவிட்டது. அதை ஒரு வரியில் முடிக்க முடியவில்லை.

கட்டுரை புதுக்கவிதையில் ஓசை பற்றியது. வரியின் கடைசியில் ஓசை ஒன்றிவருவதை நம் யாப்பு இயைபு என்கிறது. சினிமாப் பாட்டின் இயைபுக்குப் பயந்து நம் கவிஞர்கள் ஓசையையே கைவிட்டுவிட்டார்கள், முழுதாக ஒன்றாமல் அரைகுறையாக ஒன்றி நிற்கும் இயைபு என்று ஒன்று இருக்கிறது, அதிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய உண்டு என்பது என் வாதம். உதாரணத்துக்கு முதலாம் உலகயுத்தத்தில் இறந்துபோன வில்ஃப்ரெட் ஓவனை எடுத்துக்கொண்டேன். மெய்களை அப்படியே வைத்துக்கொண்டு நடுவில் உயிரை மட்டும் மாற்றிவிடுகிறவர் ஓவன். ‘ஹால்’ என்பதற்கு ‘ஹெல்’ என்று வரும். கேட்கிற காது ஏமாறும்; அந்த ஏமாற்றம்தான் கவிதை. இதுவரை சரி.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். விமர்சகனுக்கு முன்னோடி தேட வேண்டும் என்று ஒரு வியாதி உண்டு. ஓவனுக்கு ஒரு நூறு வருஷம் முன்பே இதைச் செய்தவர் வேர்ட்ஸ்வொர்த் என்று எழுதினேன். 1802-ல் எழுதி 1807-ல் அச்சான ‘ரெஸலூஷன் அண்ட் இன்டிபென்டன்ஸ்’ என்ற கவிதையில், இரவு முழுக்கப் பெய்த மழை விட்டு வெயில் வருகிறது. பறவைகள், நீரோசை, எல்லாம் சந்தோஷம். அந்த முதல் பத்தியின் கடைசி இரண்டு வரிகள் ‘ச்சேட்டர்ஸ்’ என்றும் ‘வோட்டர்ஸ்’ என்றும் முடிகின்றன. ஏழு வரிப் பத்தி, கடைசி வரி மட்டும் நீண்டது, இயைபு கறாராக வரவேண்டிய இடம். அங்கே போய் ஓசை ஒன்றாமல் நிற்கிறது. ஏன்? கவிஞர் வேண்டுமென்றேதான் வழுக்கவிட்டிருக்கிறார், நாலாவது பத்தியில் காரணமில்லாமல் கவிந்துகொள்ளப்போகிற மனச்சோர்வின் முதல் விரிசல் இங்கே ஓசையில் விழுந்துவிட்டது, சந்தோஷம் ஒரு இழை விலகி ஒலிக்கிறது. இப்படியெல்லாம் எழுதினேன். இரண்டு பேர் பாராட்டினார்கள். ஒருவர் தம் கட்டுரையில் மேற்கோளாகவும் எடுத்துக்கொண்டார். அவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

விஷயம் என்னவென்றால், வேர்ட்ஸ்வொர்த்தின் வாயில் அது முழு இயைபு. விரிசலும் இல்லை, வழுக்கலும் இல்லை.

இதை எனக்குச் சொன்னது டோனி ஹாரிஸனின் ஒரு கவிதை. 1937-ல் லீட்ஸ் நகரத்தில் ஒரு ரொட்டிக்கடைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். உபகாரச் சம்பளத்தில் நல்ல பள்ளிக்கூடத்துக்குப் போன இடத்தில், கீட்ஸின் கவிதையை எழுந்து சொல்லப்போன பையனை, அவன் உச்சரிப்பைக் கேட்டு ஆசிரியர் நிறுத்திவிட்டார். 1978-ல் வந்த தொகுப்பில் இருக்கும் ‘தெம் அண்ட் அஸ்’ இந்த ஒரு அவமானத்தைப் பற்றியது. தலைப்பிலேயே ‘அஸ்’ என்ற சொல் ஒலிக்குறிகளில், லீட்ஸ்காரர்கள் சொல்கிறபடி ‘உஸ்’ என்று, அடைப்புக்குள் இருக்கிறது. அந்தக் கவிதை போகிறபோக்கில் ஒரு தகவலைச் சொல்லிவிட்டுப் போகிறது. வேர்ட்ஸ்வொர்த்துக்கு ‘மேட்டர்’ என்பதும் ‘வாட்டர்’ என்பதும் முழு இயைபு. அவர் வடக்கே, கம்பர்லாண்டில், காக்கர்மவுத் என்ற ஊரில் 1770-ல் பிறந்தவர். அந்தப் பக்கத்தில் தண்ணீருக்கு ‘வட்டர்’ என்றுதான் சொல்வார்கள். அவர் பேச்சில் வடக்கத்திய கரகரப்பு தூக்கலாக இருந்ததை ஹாஸ்லிட் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கட்டுரையை நான் பி.ஏ.வில் பாடமாகவே படித்தவன். படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். கரகரப்பு என்ற தகவல் வேறு, கவிதை என்பது வேறு என்று எப்படியோ மனசில் பிரித்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கவிஞர்கள் எல்லோரும் அகராதியின் குரலில்தான் எழுதுகிறார்கள் என்று எண்ணம்.

அந்தக் கவிதையைப் படித்த அன்று இரவு எனக்கு ஹாரிஸனின் லீட்ஸ் ஞாபகத்துக்கு வரவில்லை. தெற்கே ஒரு கல்லூரியில், ஓடு வேய்ந்த பழைய வகுப்பறையில், இதே கவிதையை எங்களுக்கு நடத்திய பேராசிரியர்தான் ஞாபகத்துக்கு வந்தார். அவர் ‘பாங்க்’ என்பார், ‘காட்ச்’ என்பார். அகர ஆகாரங்களைத் தவிர அவருக்கு வேறு கிடையாது. முதல் பத்தியை நிறுத்தி நிதானமாகப் படித்தார். ‘சாட்டர்ஸ்’ என்று ஒரு வரியை முடித்தார், ‘வாட்டர்ஸ்’ என்று அடுத்த வரியை முடித்தார். இரண்டாவதைச் சொல்லும்போது கையால் மேஜையில் லேசாக ஒரு தட்டு. டவுன் கான்வென்ட்களிலிருந்து வந்த நாலைந்து பேர் பின்பெஞ்சில் சிரித்தார்கள். தமிழ் மீடியத்திலிருந்து வந்த எனக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று முதலில் தெரியவில்லை. தெரிந்துகொண்டபின், அவர்களைவிட ஒரு மாத்திரை அதிகமாகவே சிரித்தேன். சிரிக்கத் தெரிந்ததே அப்போது ஒரு பட்டம் மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகுதான் நூலகத்தில் டேனியல் ஜோன்ஸின் உச்சரிப்பு அகராதியை எடுத்தேன். 1917-ல் முதலில் வந்தது. இங்கிலாந்தின் தென்பகுதியில், விடுதியோடு கூடிய பெரிய பள்ளிகளில் படித்த குடும்பங்களின் உச்சரிப்பைத்தான் தான் பதிவுசெய்திருப்பதாக ஜோன்ஸே முன்னுரையில் சொல்லிவிடுகிறார். இதுதான் சரி என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. முன்னுரையை யார் படிக்கிறார்கள்? நான் பின்னால் இருந்த சொற்களைப் படித்தேன். ஒவ்வொரு நாளும் இருபது. ஒரு ஆங்கிலேயனைக்கூட நேரில் கேட்டிராத நான், ஒலிக்குறிகளைப் பார்த்து, விடுதியறையில் மெல்லச் சொல்லிப்பார்த்துக்கொண்டேன். கண்ணால் கற்றுக்கொண்ட காது அது. அதை வைத்துக்கொண்டுதான் பேராசிரியரைச் சிரித்தேன், பிற்பாடு வேர்ட்ஸ்வொர்த்தின் மனச்சோர்வையும் கண்டுபிடித்தேன்.

ஆங்கில எழுத்துக்கூட்டல் என்பது ஏமாற்று வேலை என்று நம் பள்ளிக்கூடங்களில் ஒரு அபிப்பிராயம் உண்டு. வாத்தியார்களே சொல்வார்கள்: எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. மீனைக் குறிக்கும் ‘ஃபிஷ்’ என்ற சொல்லை ‘ஜி-எச்-ஓ-டி-ஐ’ என்று எழுதலாம் என்ற வேடிக்கையும் பெர்னார்ட் ஷா பெயரில் உலவுகிறது. அவருடையது இல்லை. ஷா பிறப்பதற்கு முந்தைய வருஷமான 1855-ல் எழுதப்பட்ட ஒரு கடிதத்திலேயே அது இருக்கிறது. வேடிக்கையாகவும் சரியில்லை, ‘ஜி-எச்’ சொல்லின் முதலில் வந்தால் ஒருபோதும் ‘ஃப்’ ஆகாது. அந்த எழுத்துக்கூட்டலுக்குச் சட்டங்கள் உண்டு, என்ன, பல காலத்துச் சட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அமலில் இருக்கின்றன. எங்கள் பாங்கில் சுற்றறிக்கைகள் இருப்பதுபோல.

‘நைட்’ என்ற சொல்லின் முன்னால் நிற்கும் ‘கே’-யும் நடுவில் நிற்கும் ‘ஜி-எச்’சும் ஒரு காலத்தில் வாயில் இருந்தவை. இராத்திரியைச் சொல்லும் ‘நைட்’டை ஸ்காட்லாந்தில் ‘நிஹ்ட்’ என்று தொண்டையிலிருந்து சொல்கிற வழக்கு உண்டு. காக்ஸ்டன் 1476-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் போட்டார். சொற்களின் உருவம் அச்சில் உறைய ஆரம்பித்த அதே காலத்தில், நெடில் உயிர்கள் எல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இடம்மாறத் தொடங்கியிருந்தன. இருநூறு முந்நூறு வருஷம் இந்த இடமாற்றம் நடந்தது. அச்சுக்கோத்தவர்கள் காத்திருக்கவில்லை. இன்று நாம் படிப்பது பெரும்பாலும் பழைய வீட்டு முகவரி.

ஆனால் என் தொழில் சார்ந்த ஒரு சொல்லுக்கு இந்தச் சமாதானம்கூடப் பொருந்தாது. கடன் என்று பொருள்படும் ‘டெட்’. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் ‘பி’ கிடையாது, எழுத்திலும் இல்லை, வாயிலும் இல்லை. லத்தீன் மூலத்தில் இருக்கிறதே என்று பதினாறாம் நூற்றாண்டுப் படிப்பாளிகள் கொண்டுவந்து சொருகினார்கள். ‘டவுட்’டிலும் அப்படியே. ஷேக்ஸ்பியரின் ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தில், 1598-லேயே அச்சானது அது, ஹாலஃபர்னிஸ் என்று ஒரு பண்டித வாத்தியார் வருகிறார். ஜனங்கள் ‘பி’-யை விழுங்கிவிட்டு இந்தச் சொற்களைச் சொல்கிறார்களே என்று அவருக்கு அப்படி ஒரு ஆத்திரம். ஷேக்ஸ்பியர் அவரைக் கேலிப்பாத்திரமாகத்தான் வைத்தார். எங்கள் கிளையில் மேனேஜர் முதல் கடைநிலை ஊழியர்வரை எல்லோரும் ‘டெப்ட்’ என்று ‘பி’-யை அழுத்தித்தான் சொல்கிறோம். நான் மட்டும் சில வருஷம் ‘டெட்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இறந்துபோன கணக்கைச் சொல்கிறேன் என்று நினைத்து ஒருமுறை லெட்ஜரில் தேடப்போய்விட்டார்கள். இப்போது நானும் ஹாலஃபர்னிஸ் கட்சி.

பழைய கவிதையில் கண்ணுக்கு ஒன்றிக் காதுக்கு ஒன்றாத இயைபுகளைக் கண்ணியைபு என்று சொல்லி எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். ‘லவ்’ என்பதும் ‘ப்ரூவ்’ என்பதும் அப்படி. கண்ணியைபு என்று எழுதினால் மார்க் உண்டு. ஷேக்ஸ்பியர் காலத்தில் அவை காதுக்கே ஒன்றியவை என்பது டேவிட் கிரிஸ்டல் போன்றவர்களின் முடிவு. 2004-ல் லண்டன் குளோப் அரங்கில் ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’டை அந்தக் காலத்து உச்சரிப்பிலேயே நடித்துக் காட்டியதில் கிரிஸ்டலுக்குப் பங்கு உண்டு. அதன் ஒலிப்பதிவுத் துண்டுகளை இன்று யாரும் கைப்பேசியில் கேட்கலாம். கேட்டபோது எனக்கு முதலில் ஏமாற்றம். ராஜகுமாரர்கள் பேசுவதுபோல் இல்லை. துறைமுகத்துச் சாராயக்கடை போல் இருந்தது, ரகரங்கள் எல்லாம் உருண்டன. அலெக்ஸாண்டர் போப் 1714-ல் ‘ஒபே’ என்பதற்கு இயைபாகத் தேநீரைக் கொண்டுவந்து நிறுத்துவது இன்று படித்தால் சறுக்கல். அவருக்கு அது ‘டே’. நம் தேயிலையில் இருக்கிற ஏகாரம்தான்.

இந்த இடத்தில் கீட்ஸைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அவர் ‘தாட்ஸ்’ என்பதற்கு ‘சார்ட்ஸ்’ என்று இயைபு வைக்கிறார். ‘ஃபான்ஸ்’ என்பதற்கு ‘தார்ன்ஸ்’. ‘ஹையர்’ என்பதற்கு ‘தலையா’ என்ற தேவதையின் பெயர். தமிழில் இப்படி எழுதினாலே ஒன்றில் ரகர ஒற்று இருக்கிறது, மற்றதில் இல்லை என்று தெரிந்துவிடுகிறது. லண்டனில் குதிரை லாயக்காரர் வீட்டில் பிறந்த கீட்ஸின் வாயில் அந்த ‘ஆர்’ கிடையாது. உயிரை நீட்டிவிட்டு அதை விட்டுவிடுவார்கள். 1818 ஆகஸ்டில் எடின்பரோவின் ‘பிளாக்வுட்ஸ்’ பத்திரிகையில் ‘இஸட்’ என்ற ஒற்றை எழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கீட்ஸைக் குதறியவர் ஜான் கிப்ஸன் லாக்ஹார்ட் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். காக்னிக் கவிகள், காக்னி இயைபுகள் என்றார். மருந்துக்கடைக்குத் திரும்பிப் போ என்றார். அதை வர்க்கத் திமிர் என்று மட்டும்தான் நான் படித்திருந்தேன். திமிர்தான், சந்தேகமில்லை. ஆனால் லாக்ஹார்ட் ஸ்காட்லாந்துக்காரர். அவர் காதில் ‘ஆர்’ ஒவ்வொன்றும் கணீரென்று விழும். அந்தக் காதுக்கு அவை இயைபே இல்லை. நமக்கும் இல்லை. தமிழ்நாட்டில் ஆங்கிலம் படித்தவன் எந்த ‘ஆர்’-ஐயும் விடுவதில்லை. எழுத்தில் இருந்தால் வாயில் உண்டு. கீட்ஸுக்காகக் கண்ணீர்விடும் எனக்கு, வாய்த்திருப்பது லாக்ஹார்ட்டின் காது.

இதற்குப் பின்கதை ஒன்று உண்டு. லண்டனில் ‘ஆர்’ மெலிந்து மறைந்துகொண்டிருப்பதை 1791-லேயே ஜான் வாக்கர் தம் உச்சரிப்பு அகராதியில் குறித்திருக்கிறார். கீட்ஸின் காலத்தில் கேலிக்குரியதாக இருந்த அதே வழக்கம், நூறு வருஷத்தில் கனவான்களின் உச்சரிப்பாகி, ஜோன்ஸின் அகராதியில் ஏறி, பி.பி.சி.யின் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. 1926-ல் பி.பி.சி. பேச்சாங்கிலத்துக்கு ஒரு ஆலோசனைக் குழு அமைத்தது. ஆஸ்தான கவி ராபர்ட் பிரிட்ஜஸ் தலைவர், ஜோன்ஸ் ஒரு உறுப்பினர், பிரிட்ஜஸுக்குப் பிறகு ஷா. ஷாவோ டப்ளின்காரர். 1941-ல் யார்க்‌ஷயர்க்காரரான வில்ஃப்ரெட் பிக்கிள்ஸைத் தேசியச் செய்தி படிக்க வைத்தார்கள். அந்தக் குரலில் கேட்டால் செய்தியை நம்ப முடியவில்லை என்று நேயர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். லீட்ஸ் பையன் எழுந்து கவிதை சொல்லப்போனது இதற்குச் சில வருஷங்கள் கழித்து. ஆசிரியர் அவனை நிறுத்தியது எந்தக் கவியின் பெயரால் என்று பாருங்கள்: உச்சரிப்புக்காகக் கேலிசெய்யப்பட்ட கீட்ஸின் பெயரால். ஹாரிஸனின் கவிதையில் இந்தக் காக்னிக் கீட்ஸும் வருகிறார்.

எழுத்தை ஒலிக்குச் சரியாக்கிவிட வேண்டும் என்று கிளம்பியவர்கள் பலர். அமெரிக்காவின் நோவா வெப்ஸ்டர் பாதி ஜெயித்தார். ‘ஆனர்’, ‘கலர்’ போன்றவற்றில் ‘யூ’-வை எடுத்தார், நின்றது; நாக்கு என்ற பொருளுள்ள ‘டங்’கை ‘டி-யூ-என்-ஜி’ என்று எழுதச் சொன்னார், யாரும் கேட்கவில்லை. 1950-ல் இறந்த ஷா தம் உயிலில் புது நெடுங்கணக்குக்கே பணம் ஒதுக்கினார். வழக்கு, சமரசம் எல்லாம் முடிந்து, 1962-ல் அவருடைய ‘ஆண்ட்ரக்ளிஸ் அண்ட் த லயன்’ நாடகம் அந்தப் புது எழுத்தில் பென்குவின் புத்தகமாக வந்தது. ஒரு பக்கம் பழைய எழுத்து, எதிர்ப்பக்கம் புது எழுத்து. அதோடு சரி. ஒலிப்படி எழுதுவது என்றால் யாருடைய ஒலிப்படி என்று கேட்டால் இந்தத் திட்டங்கள் எல்லாம் தடுமாறும். குளியலைச் சொல்லும் ‘பாத்’தை லண்டன்காரன் நீட்டுவான், லீட்ஸ்காரன் குறுக்குவான். ‘டபிள்யூ-ஏ-டி-இ-ஆர்’ என்ற ஐந்து எழுத்தில் வோட்டரும் இருக்கிறது, வட்டரும் இருக்கிறது, எங்கள் பேராசிரியரின் வாட்டரும் இருக்கிறது. ஒலிப்படி எழுதியிருந்தால் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதை ஒன்று வடக்கே மட்டும் ஓடியிருக்கும், அல்லது லண்டன் அச்சுக்கூடத்தில் யாராவது திருத்தியிருப்பார்கள். எனக்கு அந்தப் பழைய குழப்பமான எழுத்துக்கூட்டல் மீது முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது இதனால்தான். அதே எழுத்துக்கூட்டல்தான் என்னை ஏமாற்றியதும். கவிஞனின் குரலை அது காட்டிக்கொடுப்பதில்லை.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை என்பார்கள். வாஸ்தவமில்லை. ‘அவர்கள் வந்தார்கள்’ என்று எழுதுகிறோம், யாருடைய வாயிலும் அது இல்லை. ழகரத்தைப் பெயராக வைத்து ஒரு சிறுபத்திரிகையே நடந்த மொழி இது. அந்த எழுத்தை மதுரையில் ஒருவிதமாகவும் சென்னையில் ஒருவிதமாகவும் சொல்கிறோம். 1978 அக்டோபரில் வந்த எழுத்துச் சீர்திருத்த ஆணைகூட ணா, றா, னா, லை முதலிய எழுத்துகளின் வடிவத்தைத்தான் மாற்றியது. சொல்லின் எழுத்துக்கூட்டலை யாரும் தொடவில்லை. இதைத் தனியாக எழுத வேண்டும்.

நான் அன்றாடம் பார்ப்பது வேறொரு பிரச்னை. தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் வருவது. தகரத்துக்கு வடக்கே ‘டி’ மட்டும் போடுவார்கள், நாம் ‘டி-எச்’ போடுவோம். ழகரத்துக்கு ‘இஸட்-எச்’ என்று யாரோ வகுத்தார்கள். அதைப் பார்த்து வெளியூர் அதிகாரி ‘கனிமொஜி’ என்று கூப்பிடுகிறார். ஒரு அம்மாளின் பெயர் ஆதாரில் ஒருவிதம், ரேஷன் கார்டில் ஒருவிதம், பாஸ்புக்கில் ஒருவிதம். மூன்றும் சரியான எழுத்துக்கூட்டல்தான். ஆனால் கம்ப்யூட்டருக்கு அவர் மூன்று ஆள். நூறுநாள் வேலைக்கான கூலி எங்கோ நின்றுவிடும். ‘ஒரு எச்சுக்காகவா’ என்று கேட்பார்கள். ஆமாம், ஒரு எச்சுக்காகத்தான். 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்களின் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது ஞாபகம் இருக்கலாம். கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் கிடைத்த எழுத்துக்கூட்டல்களைப் பார்த்து ஊரே சிரிக்க, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை பாஸ்புக்கையும் மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

2024 ஏப்ரலில் பேராசிரியரை என் கவுண்டரிலேயே பார்த்தேன். வரிப்பிடித்தம் வேண்டாம் என்று வயதானவர்கள் வருஷ ஆரம்பத்தில் கொடுக்கும் பதினைந்து எச் படிவத்தோடு வந்திருந்தார். ஓய்வுபெற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. மெலிந்திருந்தார்.

“என்னடே, இங்கதான் இருக்கியா?” என்றார்.

“ஆமா சார். மூணு வருஷமாச்சு.”

“எழுதுதியா?”

எழுதுகிறேன் என்றேன். கூட்டம் அதிகமில்லை. சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. “சார், வேர்ட்ஸ்வொர்த் நடத்தும்போது சாட்டர்ஸ், வாட்டர்ஸ்னு படிப்பீங்க. பின்னால சிரிப்போம்.”

“தெரியும்லா” என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“நீங்க படிச்சதுதான் சார் சரி. அவங்க ஊர்ப்பக்கம் தண்ணிக்கு வட்டர்னுதான் சொல்லுவாங்க. வேர்ட்ஸ்வொர்த்தும் அப்படித்தான் சொல்லியிருக்கார். ரெண்டு வரியும் அதுலதான் சேரும்.”

சற்று யோசித்தார். “அது எனக்குத் தெரியாதுடே. நாம வாட்டர்னு சொல்லுவோம், அதச் சொன்னேன்.” பிறகு அவரே தொடர்ந்தார். “எண்பத்தஞ்சுலயோ ஆறுலயோ ஒரு பயிற்சிக்கு அனுப்பினாங்க. டேப் ரிக்கார்டர் முன்னால உக்கார வச்சு, வோட்டர், வோட்டர்னு சொல்லச் சொன்னாங்க. நல்லாத்தான் சொன்னேன், பாராட்டுனாங்க. திரும்பி வந்து வகுப்புல சொன்னா, முன்பெஞ்சுல ஒரு பய எந்திரிச்சு, வோட்டர் லிஸ்டா சார்னு கேக்கான். அதோட விட்டுட்டேன். கவிதையில தண்ணி ஓடுதுன்னாவது தெரியணும்லா.”

நான் சிரித்தேன். அவரும் கொஞ்சம்.

“அப்ப கீட்ஸ் எப்படிச் சொல்லுவான்?”

சொன்னேன். ரகரத்தை விட்டுவிட்டு ஒரு தடவை சொல்லிக்காட்டினேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் அவர் வாய்க்குள் முயன்று பார்த்தார். “தாட்ஸ்... சார்ட்ஸ். வரமாட்டேங்கே.”

“எனக்கும் வராது சார்.”

படிவத்தைக் கம்ப்யூட்டரோடு ஒத்துப்பார்த்தபோது, பான் கார்டில் அவர் பெயரில் இருந்த ஒரு ‘எச்’ எங்கள் கணக்கில் இல்லை. அதைச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு விண்ணப்பம் எழுதித்தர வேண்டும் என்றேன். அவர் பேனாவை எடுத்துக்கொண்டு, “ரெண்டையும் நான்தான்டே எழுதிக் கொடுத்தேன்” என்றார். எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். பான் கார்டில் இருப்பதை என்றேன். அந்த மேஜையில் நின்றபடியே, தேதி, பொருள், ஐயா எல்லாம் போட்டு, ஒரு முழுப்பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வரி போதும் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

2018 கட்டுரையை யாராவது வைத்திருந்தால், வேர்ட்ஸ்வொர்த் பற்றிய நாலாவது பத்தியையும் ஐந்தாவதின் முதல் மூன்று வாக்கியங்களையும் அடித்துவிடவும். ஓவனைப் பற்றிச் சொன்னது நிற்கும். ‘ஹால்’, ‘ஹெல்’ இரண்டும் எந்த ஊர் வாயிலும் ஒன்றாது, கேட்டுப்பார்த்துவிட்டேன்.